செல்வமலர் கடையில் ஸ்னோ விழுந்த நாள்

பலேர்மோவில் ஸ்னோ விழும் என்று யாராவது சொல்லியிருந்தால் செல்வமலர் சிரித்திருப்பாள். பதினேழு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறாள். ஆபிரிக்கப் பக்கமிருந்து செம்மண்ணை அள்ளிக்கொண்டு வரும் காற்றைக் கண்டிருக்கிறாள். ஒரு மணித்தியால மழைக்கே கார்கள் மிதந்த தெருக்களைக் கண்டிருக்கிறாள். ஸ்னோ ஒரேயொரு தடவை, ஆண்டுக் கடைசி நாளொன்றில் விழுந்தது. அதையும் அவள் வேலை செய்த வீட்டில் யன்னல் துடைத்துக்கொண்டே கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்தாள். மத்தியானத்துக்குள் கரைந்துபோனது.

ஆகவே அந்தச் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தவள், வெளியே எல்லாம் வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்து, யாரோ கோதுமை மா மூட்டையைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் மேலே பார்த்தாள். வானம் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

வேறெந்த நாளாக இருந்தாலும் கதவைச் சாத்திவிட்டுப் போர்வைக்குள் போயிருப்பாள். ஆனால் அடுத்த நாள் தமிழ் மன்றத்தின் பொங்கல் விழா. அவளுடைய கடை தொடங்கிப் பதினொரு மாதம். இது அதற்கு முதல் தைப்பொங்கல். பச்சையரிசியும் பயறும் சர்க்கரையும் கஜு முந்திரியும் இரண்டு கிழமைக்கு முன்பே வாங்கி அடுக்கியாயிற்று. பன்னிரண்டு மண்பானைகள் ஒரு மரப்பெட்டிக்குள் வைக்கோலோடு வந்திறங்கியிருந்தன. மிச்சம் கரும்பு மட்டும்தான். நாப்போலியிலிருந்து இரவுக் கப்பலில் வருகிற கரும்பை எடுக்க அவளுடைய கணவர் பேரின்பநாயகம் ஐந்து மணிக்கே துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

பஸ் ஓடவில்லை. இருபது நிமிஷம் நடந்து கடைக்கு வந்தாள். கடை பல்லரோச் சந்தையிலிருந்து பிரிகிற ஒரு ஒழுங்கையில் இருந்தது. உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாம் ஆள் வாசலில் நிற்க வேண்டிய அளவுதான் இடம். வாசலில் செல்வமலரின் பெயரை இத்தாலிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள். ஆனால் ஒழுங்கையில் ஒருவருக்கும் அந்தப் பெயர் வாயில் வராது. எல்லாருக்கும் அவள் ‘மாலா’.

முதல் இடைஞ்சல் ஷட்டர். பூட்டைத் திறந்து தூக்கினாள். முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. உதைத்தாள். ‘முருகா’ என்று தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அது அசையவில்லை. கடைசியில் கைப்பையை உள்ளே எறிந்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில், நிலத்தில் படுத்து உருண்டு தன் கடைக்குள் போனாள்.

எதிரே மீன் கடை வைத்திருக்கும் கலோஜெரோ அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை, மீனும் இல்லை. ஆனாலும் வீட்டில் மனைவியோடு இருக்க முடியாதென்று வந்து வெறும் மேசைக்குப் பின்னால் கைகட்டிக்கொண்டு நின்றான். ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து ஷட்டரை நெம்பி இடுப்பளவுக்கு உயர்த்திக் கொடுத்தான்.

“இனிக் குனிஞ்சுதான் வருவினம், மாலா. கோயிலுக்குள்ளை போற மாதிரி.”

இரண்டாவது இடைஞ்சலை அவள் பிறகு பல நாள் சொல்லிச் சொல்லி நொந்தாள். பானைகள் கண்ணில் பட்டால்தான் ஆட்கள் வாங்குவார்கள் என்று மரப்பெட்டியை வாசலுக்குத் தூக்கி வந்தாள். குனிந்து ஷட்டருக்குக் கீழால் வந்தாள், நிமிர்ந்தாள், இரண்டு அடி வைத்தாள். பழைய பலேர்மோவின் தெருக்கற்கள் சாதாரண நாளிலேயே கண்ணாடிபோல வழுக்கும். கால்கள் இரண்டும் அவளை விட்டு முன்னால் போயின. அவள் இருந்த வாக்கில் விழுந்தாள். பெட்டி அவளைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதியது.

கலோஜெரோ ஓடிவந்து கையைக் கொடுத்தான். அவள் கையைப் பிடிக்காமல் பெட்டிக்குள்தான் பார்த்தாள். வைக்கோலைக் கிளறக் கிளற ஓடுகள். ஏழு பானை போய்விட்டது. ஐந்து தப்பியிருந்தது. அந்த ஐந்தில் எல்லாவற்றிலும் பெரிய பானையும் இருந்தது. நாளைக்கு மன்றத்தில் எல்லாருக்குமாகப் பொங்கப்போகிற பானை. மன்றத்துச் செயலாளர் கௌசிகன் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்தது. அதைத் தடவிப் பார்த்து, தட்டிப் பார்த்து, சத்தம் சரியாக வந்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. உள்ளே கொண்டுபோய்ப் பச்சையரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தாள். கையில் தோல் உரிந்து இரத்தம் கசிவதைப் பிறகுதான் கண்டாள்.

எட்டரைக்கு மின்சாரம் நின்றது. தராசு அணைந்தது. ஒன்பது மணிக்குக் கடைக்கு முன்னால் வெயிலுக்குக் கட்டியிருந்த படங்கு, பனிப் பாரத்தில் வயிறு தொங்கித் தொங்கி, கடைசியில் ஒரு பக்கக் குழாயோடு முறிந்து மரவள்ளிக் கிழங்குப் பெட்டியின் மேல் விழுந்தது. அந்த நேரம் பார்த்துப் பேரின்பநாயகத்தின் ஃபோன் வந்தது.

“மலர், கப்பல் இன்னும் உள்ளுக்கு வரேல்லை. காத்து எண்டு வெளியிலை நிப்பாட்டி வைச்சிருக்கிறாங்கள்.”

“அப்ப கரும்பு?”

“கரும்பு கப்பலுக்குள்ளை நிக்குது. நான் வெளியிலை நிக்கிறன்.”

“சாப்பிட்டனீங்களே?”

“என்னத்தைச் சாப்பிடுறது, காது ரெண்டும் விழப்போகுது,” என்றார் அவர். “நீ கடையைப் பூட்டிப்போட்டு வீட்டை போவன்.”

பூட்டிப்போட்டுப் போவதாம். கடை வைக்கப்போகிறேன் என்று அவள் சொன்ன நாளில் இருந்து ஆளாளுக்குச் சொன்னது அதுதான். மாதச் சம்பளம் வருகிற வீட்டு வேலையை விட்டுவிட்டு, மூட்டை தூக்கிச் சாகப்போகிறாய் என்று மச்சாள் சொன்னாள். மூன்று மாதத்தில் திரும்பி வந்து என் கதவைத் தட்டுவாய் என்று சிஞ்ஞோரா லந்தொலீனா சொன்னாள்.

சிஞ்ஞோரா லந்தொலீனாதான் அவளுடைய பழைய எசமானி. பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்து ஓய்வுபெற்றவள், பிள்ளைகள் இல்லாத கைம்பெண், எண்பத்து நான்கு வயது. கபோச் சந்தைப் பக்கம் ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தாள். அந்த வீட்டில் செல்வமலர் பதினாலு வருஷம் துடைத்தாள், தோய்த்தாள், சமைத்தாள். தான் விலகியபோது, நல்ல பிள்ளை என்று வன்னியிலிருந்து வந்த நிலக்சியை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டுத்தான் விலகினாள். ஆனாலும் சிஞ்ஞோராவுக்குக் கோபம். கடைசி நாளில் முகத்தைப் பார்க்காமலே வழியனுப்பினாள். வீட்டுக் கதவின் திறப்புச் சாவியை மட்டும் திரும்ப வாங்க மறுத்துவிட்டாள். “நான் செத்துக் கிடந்தால் கதவை உடைக்காமல் வர ஒரு ஆள் வேணும்,” என்றாள்.

பத்து மணிபோல ஃபோன் அடித்தது. சிஞ்ஞோராவின் இலக்கம். பதினொரு மாதத்தில் முதல் தடவை.

“மாலா,” என்றது குரல். பின்னால் காற்றுச் சத்தம். “நான் வெளியிலை நிக்கிறன். குளிருது. நீ வந்து...”

அவ்வளவுதான். செல்வமலர் திரும்ப எடுத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடி எடுத்தாள், அதே குரல். நிலக்சிக்கு எடுத்தாள்.

“அக்கா, பஸ்ஸும் இல்லை, ரெயினும் இல்லை,” என்றாள் நிலக்சி. அவள் நகரத்தின் மற்ற அந்தத்தில் இருந்தாள். “நான் இன்னும் வீட்டைதான் நிக்கிறன். சிஞ்ஞோராவுக்கு எட்டு மணிக்குச் சொன்னனான், சரி, வராதை எண்டவ. ஏன் அக்கா, என்ன?”

“வெளியிலை நிக்கிறாவாம்.”

“வெளியிலையோ? அவ கதிரையிலை இருந்து எழும்பவே என்ரை கையைப் பிடிக்கிறவ. எங்கை வெளியிலை?”

அதுதான் செல்வமலருக்கும் தெரியவில்லை. தெருவிலா? ஸ்னோவைப் பார்க்க இறங்கி விழுந்து கிடக்கிறாளா? அவசர உதவி இலக்கத்துக்கு அடித்தாள். அழைப்புகள் வரிசையில் இருப்பதாகச் சங்கீதம் போட்டார்கள். வாசலில் மூன்று பேர் குனிந்து குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். பொங்கலுக்குச் சாமான் வாங்க, இந்தக் குளிரிலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தவர்கள். வருஷத்தில் இதைவிட நல்ல வியாபார நாள் அவளுக்கு வராது.

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். ஒரு நிமிஷம் நின்றதற்காகப் பிறகு தன்னைத் திட்டினாள். சப்பாத்துக்கு மேல் இரண்டு பிளாஸ்ரிக் பைகளை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து மீன்காரனைக் கூப்பிட்டாள்.

“கலோஜெரோ, கடையைப் பாரும். விலை எல்லாத்திலையும் எழுதிக் கிடக்கு.”

“எனக்கு உதுகளின்ரை பெயரே தெரியாதே?”

“உமக்குத் தெரியாட்டியும் வாங்கிறவைக்குத் தெரியும். நான் ஓடியாறன்.”

மக்கேதா வீதியில் ஊரே திருவிழாவுக்கு வந்ததுபோல நின்றது. பெரியவர்கள் ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். பீற்சாப் பெட்டிகளின் மேல் குந்திச் சறுக்கினார்கள் பிள்ளைகள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டும், சுவர் இல்லாத இடத்தில் தெரியாத மனிதர்களின் கோட்டைப் பிடித்துக்கொண்டும் போனாள். நாலு தெருவும் சந்திக்கிற இடத்தில் ஒரு தடவை விழுந்தாள். ஒரு இளம் சோடி தூக்கிவிட்டது. தியேட்டருக்கு முன்னால் பனைகள் எல்லாம் தலையில் வெள்ளை மூட்டை சுமந்து நின்ற இடத்தில் இன்னொரு தடவை விழுந்தாள். அங்கே ஒருவரும் தூக்கவில்லை, தானே எழும்பினாள். வழி முழுக்க அவளுடைய கண்கள் தெரு ஓரங்களிலேயே இருந்தன. சுவரோரம் குவிந்து கிடந்த ஒவ்வொரு பனிக் குவியலும் அவளுக்குக் கிழவியாகத் தெரிந்தது.

மாளிகை வாசலில் ஒருவரும் இல்லை. தெருவின் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். அப்போது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

“மாலா! ஏன் இவ்வளவு நேரம்?”

மூன்றாம் மாடிப் பல்கனியில், உரோமக் கோட்டும் வீட்டுச் செருப்புமாக, தலைமயிரில் பனி பூத்துப்போய், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிஞ்ஞோரா நின்றாள்.

மின்சாரம் இல்லாததால் லிஃப்ட் இல்லை. செல்வமலர் படிகளில் ஏறினாள். இரண்டாம் மாடியில் மூச்சு முட்டியது, நிற்கவில்லை. அந்த வீட்டுத் திறப்பு இன்னும் அவளுடைய திறப்புக் கோர்வையில்தான் கிடந்தது. கதவு திறந்ததும் இருட்டு வரவேற்பறைக்குள் ஓடினாள். அந்த வீட்டில் எந்தக் கதிரை எங்கே என்று அவளுடைய கால்களுக்குத் தெரியும். பல்கனிக் கதவைக் காற்று அடித்துச் சாத்தியிருந்தது. சாத்திய வேகத்தில் உள்ளே பழைய கொளுக்கி தானாக விழுந்திருந்தது. அதைத் தூக்கிவிட்டதும் சிஞ்ஞோரா அவள்மேல் சாய்ந்தாள். அவளுடைய பாரம் ஒரு குழந்தையின் பாரம்தான்.

“ஸ்னோவைப் பார்க்கத்தான் போனன்,” என்றாள் சிஞ்ஞோரா. பற்கள் அடித்துக்கொண்டன. “ரெண்டு நிமிஷம். கதவு என்னை வெளியிலை விட்டிட்டுது. ஃபோனும் செத்துப்போச்சு.”

“கீழை போனாக்களைக் கூப்பிட்டிருக்கலாமே?”

“கூப்பிட்டன். எனக்குக் கை காட்டிப்போட்டுப் போச்சினம். நான் வாழ்த்துச் சொல்லுறன் எண்டு நினைச்சிட்டினம்.”

செல்வமலர் வேலையைத் தொடங்கினாள். நல்ல காலத்துக்கு காஸ் அடுப்பு எரிந்தது. நனைந்த செருப்பைக் கழற்றினாள். விரல்கள் மெழுகுபோல வெளிறி, நுனியில் நீலம் பாய்ந்திருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் கால்களை வைத்து, மெல்ல மெல்லச் சூடு ஏற்றினாள். இரண்டு கம்பளியால் மூடினாள். பாலைக் காய்ச்சித் தேன் விட்டுக் கரண்டியால் பருக்கினாள். மாளிகையின் முதலாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற மருத்துவரைக் கூட்டி வந்தாள். அவர் நாடி பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, “இன்னும் அரை மணித்தியாலம் நின்றிருந்தால் நான் வேறை மாதிரிக் கதைக்க வேண்டி வந்திருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகுதான் சிஞ்ஞோரா அவளை ஒழுங்காகப் பார்த்தாள். உரிந்த கை, சேறு பட்ட பாவாடை, சப்பாத்தில் கட்டிய பிளாஸ்ரிக் பை.

“உன்ரை கடையிலை ஆர் நிக்கினம்?”

“எதிர்க் கடை மீன்காரன்.”

“மீன்காரனோ? உனக்கு மூளை இல்லை, மாலா. போ. உடனை போ.”

போ என்று சொன்ன கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தது. செல்வமலர் அதை எடுத்துவிடவில்லை. நிலக்சி பனியில் ஒன்றரை மணித்தியாலம் நடந்து, மூக்கு நுனி சிவக்க வந்து சேரும்வரைக்கும் அந்தக் கதிரைக்குப் பக்கத்திலேயே, நிலத்தில் இருந்தாள். சிஞ்ஞோரா அதற்குள் இரண்டு தடவை கண்ணயர்ந்து எழும்பினாள். எழும்பிய ஒவ்வொரு தடவையும், “நீ இன்னும் போகேல்லையோ?” என்று கேட்டாள்.

ஒரு மணிக்கு அவள் ஒழுங்கைக்குத் திரும்பியபோது ஸ்னோ நின்றிருந்தது. முறிந்த படங்குக் குழாயைக் கலோஜெரோ தன் மீன் கடைத் தடியால் முட்டுக் கொடுத்து நிமிர்த்தி வைத்திருந்தான். கடைக்குள் மின்சாரமும் வந்திருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எல்லாம் வித்தாச்சு!” என்றான் அவன் நெஞ்சை நிமிர்த்தி. “அரிசி வித்தன். அந்தப் பச்சை இலைக் கட்டுகள் வித்தன். பானை எல்லாம் வித்தன்.”

“பானை எல்லாமோ?”

“எல்லாம். பின்னாலை ஒரு பெரிசு ஒளிச்சு வைச்சிருந்தனீர், அதையும் கண்டுபிடிச்சு வித்தன். நேத்தே துறையிலை வந்து நிக்கிற உல்லாசக் கப்பலிலை வந்த ஒரு ஜெர்மன்காரி. பூங்கண்டு வைக்கப் போறாவாம். நான் என்ன, லேசிலை குடுத்தனானே? சொன்ன விலையிலை ஒரு சதம் குறைக்கேல்லை.”

செல்வமலர் அரிசி மூட்டைமேல் இருந்துவிட்டாள். அவன் நல்லது செய்த முகத்தோடு நின்றான். எப்படிச் சொல்வது?

அதே நேரம் ஒழுங்கை முகப்பில் ஒரே ஆரவாரம். எட்டிப் பார்த்தாள். பேரின்பநாயகம் வந்துகொண்டிருந்தார். துறைமுகத்து மேட்டில் வான் ஏறாமல் நின்றுவிட, அங்கேயிருந்து இவ்வளவு தூரமும் கரும்புக் கட்டைத் தோளில் வைத்துச் சுமந்து வந்திருக்கிறார். ஆறடி நீளக் கரும்பு, தோகையெல்லாம் பனி. அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

“மூங்கிலோ எண்டு கேக்கிறாங்கள்,” என்று சொல்லிக் கரும்பை இறக்கினார். “ஒரு பொலிஸ்காரன் மறிச்சு மணந்து பாத்தவன். இன்னும் ரெண்டு கட்டு வானுக்குள்ளை கிடக்கு. என்ன, ஏன் உப்பிடி இருக்கிறாய்? கையிலை என்ன காயம்?”

அவள் தொடக்கத்திலிருந்து சொன்னாள். பெரிய பானைக்கு வந்து நிறுத்தினாள். நிறுத்தவும் கௌசிகன் குனிந்து உள்ளே வரவும் சரியாக இருந்தது. முப்பத்தைந்து வயது, எப்போதும் காதில் ஃபோன், மன்றத்தில் எதுவும் தவறக்கூடாது என்று நிற்கிறவன்.

“அக்கா, பானையைத் தாங்கோ, காரை நடுறோட்டிலை விட்டிட்டு வந்தனான்.”

“தம்பி, பானை இல்லை. வித்துப்போட்டுது.”

“வித்துப்போட்டுதோ? மன்றத்துப் பானையையோ? அக்கா, நாளைக்கு இருநூறு சனம். நான் உங்களை நம்பித்தானே வேறை இடத்திலை சொல்லேல்லை? உதுக்குத்தான் கடை தெரிஞ்சவையிட்டைச் சொல்லவேணும் எண்டு எல்லாரும்...” அவன் மிச்சத்தை விழுங்கினான்.

விழுங்கியது அவளுக்கு விளங்கியது. வீட்டு வேலைக்காரி கடை வைத்தால் இப்படித்தான். பேரின்பநாயகம் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். என்ன நடந்ததென்று பேச்சிலிருந்து மணந்து பிடித்த கலோஜெரோ தன் கடைக்கு ஓடிப் போய், எட்டுக்கால் கணவாய் அவிக்கிற அவனுடைய பெரிய அலுமினியக் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். “இதிலை காய்ச்சுங்கோ, நல்லாக் கழுவினது,” என்றான். கௌசிகன் அதற்குள் எட்டிப் பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான். அந்த நிலையிலும் செல்வமலருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு ஒரு நினைவும் வந்தது.

சிஞ்ஞோராவின் சமையலறையில் மேல்தட்டில் ஒரு செப்பு அண்டா இருக்கிறது. சிஞ்ஞோராவின் மாமியார் காலத்தது. கோடையில் தக்காளி காய்ச்ச மட்டும் கீழே இறங்கும்.

ஆனால் கேட்க வேண்டும். பதினாலு வருஷத்தில் அந்த மனுசியிடம் அவள் ஒன்றும் கேட்டதில்லை. ஊரில் அம்மா செத்த செய்தி வந்த நாளிலும் லீவு கேட்கத் தெரியாமல் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் நின்று அழுதாள். சிஞ்ஞோராவே வந்து கண்டு, என்னவென்று விசாரித்து, மூன்று நாள் வராதே என்று சொன்னாள். காலையில் செய்ததற்குக் கூலி கேட்பதுபோல ஆகிவிடுமோ என்றும் அவளுக்கு உள்ளே உறுத்தியது. ஆனாலும் நிலக்சியின் ஃபோனுக்கு எடுத்தாள். நிலக்சி சிஞ்ஞோராவிடம் கொடுத்தாள்.

“சிஞ்ஞோரா, எனக்கு ஒரு உதவி வேணும்.”

“சொல்லு,” என்றது குரல்.

அவள் சொன்னாள். அரிசி, பால், சர்க்கரை, சூரியனுக்கு. பானை விற்றுப்போன கதையையும் சொன்னாள். ஜெர்மன்காரி பூங்கண்டு வைக்கப்போகிறாள் என்ற இடத்தில் கிழவி இருமிக்கொண்டே சிரிப்பது கேட்டது.

“உன்ரை மீன்காரனை நான் ஒருக்காப் பார்க்க வேணும்,” என்றாள் சிஞ்ஞோரா. “அண்டாவை எடு. இனிப்பெண்டு சொன்னனியே, எனக்கும் கொண்டு வா.”

கௌசிகன் விடுகிற பாடில்லை. “அக்கா, வெள்ளைக்காரர் வீட்டு அண்டா. மாட்டிறைச்சி, பண்டியிறைச்சி காய்ச்சியிருப்பினமே?”

“தம்பி,” என்றாள் செல்வமலர். குரலை உயர்த்தவில்லை. “அந்த அண்டாவுக்குள்ளை என்ன போனது, என்ன போகேல்லை எண்டு எனக்குத் தெரியும். பதினாலு வருஷம் கழுவினவள் நான். தக்காளியைத் தவிர ஒண்டும் போகேல்லை. பானையை வித்தது என்ரை பிழை, அதை ஒப்புக்கொள்ளுறன். ஆனால் பிழையைத் திருத்திறதும் நான்தான். இனி அவரோடை போய் அண்டாவை எடுங்கோ, மூண்டாம் மாடி, ஏத்தி இறக்க ரெண்டு பேர் வேணும்.”

கௌசிகன் பேரின்பநாயகத்தைப் பார்த்தான். பேரின்பநாயகம் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏற்கனவே வாசலில் குனிந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் எறித்தது. ஸ்னோ முழுக்க அழுக்குத் தண்ணீராகித் தெருவோரக் கான்களில் ஓடியது. மன்றம் எடுத்திருந்த மண்டபத்தின் முற்றத்தில், மூன்று கல்லுக்கு மேல் செப்பு அண்டா. கழுத்தில் மஞ்சள் இலை கட்டி, வயிற்றில் திருநீற்றுக் குறி இட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கரும்பு. பால் பொங்கி வழிந்தபோது கௌசிகன்தான் எல்லாரையும்விடப் பெரிய குரலில் ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்தினான். பிறகு பொங்கல் வைத்த முதல் வாழையிலைத் துண்டைத் தட்டிலிருந்து எடுத்துச் செல்வமலரின் கையில் வைத்தான். பொங்கல் அடியில் கொஞ்சம் பிடித்துவிட்டது. செப்பு அவர்கள் நினைத்ததைவிடக் கெதியாகச் சூடேறிவிட்டது.

பின்னேரம் அவள் அண்டாவோடும் ஒரு பெட்டிப் பொங்கலோடும் மூன்றாம் மாடி ஏறினாள். சிஞ்ஞோரா மூக்கைச் சிந்திக்கொண்டு, இரண்டு சோடி காலுறையோடு கதிரையில் இருந்தாள். எதிர்க் கதிரையைக் காட்டி இரு என்றாள். செல்வமலர் அந்தக் கதிரையை எத்தனையோ ஆயிரம் தடவை தட்டித் துடைத்திருக்கிறாள். இருந்து பார்த்தபோது அது அவ்வளவு வசதியாக இல்லை. ஒரு கம்பி குத்தியது.

சிஞ்ஞோரா பொங்கலைச் சாப்பிட்டாள். இனிப்புக் கூடிப்போச்சு என்றாள். மூன்று கரண்டி சாப்பிட்டாள். கஜுவை மட்டும் பொறுக்கினாள். கடை எத்தனை மணிக்குத் திறக்கிறாய், யார் வருகிறார்கள், கறுவாப்பட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். செல்வமலர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சமையலறையில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. நிலக்சி அண்டாவின் அடிப்பிடிப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். செல்வமலர் எழும்பினாள்.

“இரு,” என்றாள் சிஞ்ஞோரா. “இண்டைக்கு நீ விருந்தாளி. அந்தப் பிள்ளை செய்வாள்.”

“அவள் கரண்டியாலை சுரண்டுறாள், சிஞ்ஞோரா. செப்பு கீறுப்படும்.”

உள்ளே போய்க் கைச்சட்டையை மடித்துவிட்டாள். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி உப்பில் தோய்த்து ஒரு பாதியை நிலக்சியிடம் கொடுத்தாள், மற்றப் பாதியைத் தான் எடுத்தாள். உரிந்த கையில் புளி பட்டு எரிந்தது.

“வட்டமாய்த் தேய், பிள்ளை. அமத்தாதை,” என்றாள். “பிறகு, சொல்லு, நேத்து அவ்வளவு தூரமும் எப்பிடி நடந்து வந்தனீ?”

“அதை ஏன் அக்கா கேக்கிறியள்,” என்று நிலக்சி தொடங்கினாள்.